ரத்தத்துக்கு மரியாதை தெரியாது

எங்கள் டாக்டரம்மாவிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது, அவர் திரும்பி வருவதுதான்.

காலையில் வார்டுக்குள் வந்து ஒவ்வொரு கட்டிலாக நிற்பார். எங்கள் கட்டில் வந்ததும், "சுகமா இருக்கேளா?" என்று இவரைக் கேட்பார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். "சொகம் டாக்டரே" என்பார் இவர். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அதற்கடுத்ததற்குப் போவார். வாசல் வரைக்கும் போய்விடுவார். அப்பாடா என்று நான் இட்லிப் பாத்திரத்தைத் திறப்பேன். நிமிர்ந்து பார்த்தால் மறுபடியும் கட்டிலருகே நிற்பார். "சும்மா கேக்கறேன். சுகந்தானா?"

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குள்ள என்ன மாறிரப் போவுது டாக்டரே? இட்லி ஆறுது" என்றேன்.

"ஒண்ணும் மாறாது. மொதல்ல சொல்றது மரியாதைக்கு. ரெண்டாவது சொல்றதுதான் பதிலாக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. திருவனந்தபுரத்தில் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். கால் ஒடிந்து ஆட்டோவில் ஏற்றப்படுகிறவனைக் கேட்டாலும் சுகம் என்பான். கேட்டவனும் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான். எங்கள் சொந்த ஊரான குலசேகரம் பக்கத்திலும் இதே கதைதான். நோயைப் பற்றிச் சொன்னால் கேட்டவர் மனசு சங்கடப்படுமாம். சொல்லாமல் செத்தால் சங்கடப்படாதோ என்னவோ.

இந்த வழக்கத்துக்கு ஒரு ராஜா இருந்தார் என்றால் அது என் வீட்டுக்காரர்தான். பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒருமுறை ரோலரில் விரல் மாட்டி நகம் முழுசாகப் பெயர்ந்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டு வந்தார். சோறு பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். நான் அங்கேயே பாலவாடி டீச்சர். ஒரு அறை நிறையக் குஞ்சு குளுவான்களை உட்கார வைக்கிறவளுக்கு வாய் நீளமாகத்தான் இருக்கும். அவர் பேசாததையும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

ஈறில் ரத்தம் கசிந்ததும், தொடையில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்ததும் அவருக்கு வாரக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கே ஊருக்கு இறங்கு என்று சொன்ன பிறகுதான் விஷயம் என்னிடம் வந்தது. மலை இறங்கும் வழியில் கல்லாற்றில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிச் சாயா குடித்தார்கள். இவர் மட்டும் தாகமில்லை என்று உட்கார்ந்தே இருந்தார். வாய் முழுக்கப் புண். நான் கேட்டேன், உடம்புக்கு என்ன செய்கிறது என்று. பதில் உங்களுக்கே தெரியும்.

ரத்தப் புற்று என்றார்கள். லுக்கிமியா. திருவனந்தபுரத்துப் பெரிய கான்சர் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. எங்கள் மகளை எஸ்டேட்டிலேயே இருந்த நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு துண்டு, ஒரு பிளாஸ்க் எல்லாம் பழவங்காடிக் கடையில் வாங்கிக்கொண்டு போய் அங்கே குடியேறினேன். அப்போதுதான் இந்த டாக்டரம்மா.

அவர் கரமனைப் பக்கத்து அக்கிரகாரத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. வெள்ளைக் கோட்டுக்கு அடியில் கசங்காத கைத்தறிச் சேலை, ஈரம் காயாத கொண்டை, அதில் ஒரு துண்டு மல்லிகை. வார்டில் பூ ஆகாது. பூவில் கிருமி இருக்கும், எங்கள் ஆட்களுக்குத் தாங்காது. அதனால் வாசலில் நின்று தலையிலிருந்து பூவை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே வருவார். போகும்போது எடுத்து வைத்துக்கொள்வார். மற்ற டாக்டர்கள் மலையாளத்தில் பேச, இவர் எங்களிடம் வீட்டுத் தமிழில் பேசுவார். அந்தத் தமிழ் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. என் தமிழ் அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டார். கான்டீன் சாயாவை ஒரு வாய் குடித்து, கீழே வைத்து, இன்னொரு வாய் குடித்த பிறகுதான் சர்க்கரை போதாது என்பார். அறையைப் பூட்டிப் படி இறங்கிப் போய், ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பஸ் போயே போய்விடும். வார்டு நர்ஸ் ஒருத்தி, கோட்டயத்துப் பெண், என் காதில் சொன்னாள்: "டாக்டர் கல்யாணம் கழிக்காதது ஏன்னு அறியாமோ சேச்சி? பெண்ணு பாக்க வந்தவங்ககிட்ட இன்னொரு தடவ கூடி வரச் சொல்லியிருப்பாங்க. ஆரும் வந்நில்ல." நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்.

மருந்து ஏற ஏற, இவருடைய ரத்தத்தில் வெள்ளணு என்பதே இல்லாமல் போயிற்று. கெட்டதை அழிக்கிற மருந்து நல்லதையும் சேர்த்து அழிக்கிறது, அது தானாக மறுபடி முளைத்து வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காத்திருப்புதான் பயம். புற்று கொல்வதற்கு முன்னால் ஒரு சாதாரணக் கிருமி வந்து கொன்றுவிடலாம். டாக்டரம்மா அதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"வெள்ளணு இருந்தா கிருமி வர்றச்சே அடிபிடி நடக்கும். சீழ் வரும், வீங்கும், சிவக்கும். நமக்குத் தெரியும். இவருக்கு இப்போ அடிக்க ஆளில்லே. வந்தவன் சத்தமில்லாம உள்ள வந்து உக்காந்துப்பான். போறாததுக்கு நாம கொடுக்கற ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலையும் அமுக்கிடும்."

"அப்பம் எப்பிடித்தான் தெரியும்?"

"ரத்தத்தைக் கேக்கணும். கிருமி உள்ள வந்துடுத்துன்னா ஈரல் ஒரு புரதத்தை உண்டாக்கும். சி.ஆர்.பி.ன்னு பேரு. மனுஷா மரியாதைக்காக மறைப்பா. ரத்தத்துக்கு மரியாதை தெரியாதாக்கும்."

அதிலும் அவருக்கு அவருடைய புத்திதான். ஒருநாள் எடுத்த ரத்தத்தை வைத்து வாயைத் திறக்க மாட்டார். புற்றே அந்தப் புரதத்தைக் கொஞ்சம் ஏற்றுமாம். ரத்தம் ஏற்றினாலும் ஏறுமாம், மருந்தாலும் ஏறுமாம். அதனால் ஒரு எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் பார்க்க வேண்டும் என்பார். பெரிய நகரங்களில் இதைவிடத் திருத்தமான வேறொரு சோதனை வரப்போவதாகவும் சொன்னார். வரட்டும், வந்தாலும் நான் ரெண்டு தடவைதான் பார்ப்பேன் என்றார்.

இது வெறும் பிடிவாதம் இல்லை என்று எனக்கு முதலில் தோன்றியது அடுத்த கட்டில் பெண் விஷயத்தில். ஆற்றிங்கல் பக்கத்துக் காலேஜ் பெண். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாகக் காய்ச்சல் ஏறும். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். டாக்டரம்மா பின்னாலேயே நடந்து, "இதிலும் கூடிய இஞ்செக்ஷன் இல்லே டாக்டரே?" என்று கெஞ்சுவார். பார்க்கிற எல்லோருமே இன்னும் வீரியமான இஞ்செக்ஷன் வேண்டும் என்றுதான் சொன்னோம். நானும் சொன்னேன், எனக்கு எதிலும் ஒரு அபிப்பிராயம் உண்டு.

டாக்டரம்மா அசையவில்லை. "காய்ச்சல் ஏறறது, செரி. சி.ஆர்.பி. எறங்கறது. நேத்தும் எறங்கித்து, இன்னிக்கும் எறங்கித்து. கிருமி போயாச்சு. இது மருந்தால வர்ற காய்ச்சல்" என்று சொல்லி, கூட்டுவதற்குப் பதிலாக ஒரு மருந்தை நிறுத்தினார். கண்டக்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் காய்ச்சல் இறங்கிப் போய்விட்டது, பிறகு வரவில்லை.

கண்டக்டர் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அந்தச் சில்லுகளை இலையில் கட்டி மகளுக்குக் கொண்டுவந்தார். வார்டு வாசலிலேயே டாக்டரம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பச்சைத் தேங்காய் உள்ளே வரக்கூடாது. "பிள்ளையாருக்குச் சேர்ந்தாச்சோல்லியோ? மதி, அது போறும். கொழந்தைக்குச் சேர வேண்டாம்" என்று சொல்லி ஒரு சில்லை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார். கண்டக்டர் அழுதுகொண்டே சிரித்தார்.

இப்படியெல்லாம் பார்த்த பிறகும் நான் அவரோடு சண்டை போட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அதே நிலைமை வந்தால் இன்றைக்கும் போடுவேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. மகளைப் பார்த்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவர் வாய் திறந்து எதையும் கேட்கிற ஆளில்லை. அப்படிப்பட்டவர் டாக்டரம்மாவிடம், "ஒரு நாளு வீட்டுக்குப் போய் பிள்ளையப் பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டார். டாக்டரம்மா "பாக்கலாம்" என்றார். எஸ்டேட் ஜீப் கிறிஸ்துமஸ் சாமான் எடுக்க ஊருக்கு வருவதாக இருந்தது. திரும்பும்போது எங்களையும் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தேன். மகளுக்கு ஒரு ரோஸ் கவுன் வாங்கி வைத்திருந்தேன். இவர் அதைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்த ரத்தத்தில் அந்தப் புரதம் கொஞ்சம் ஏறியிருந்ததாம். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது, ஆள் எழுந்து நடக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின காலையில் ஜீப் கீழே வந்து நிற்கிறது, நான் பையைக் கட்டி வைத்திருக்கிறேன், டாக்டரம்மா ஊசியோடு வருகிறார். இன்னொரு தடவை ரத்தம் வேண்டுமாம்.

இவர் கையில் அப்போது நரம்பே கிடையாது. குத்திக் குத்தி இரண்டு கையும் கருநீலம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"நேத்துதான எடுத்திய? அவருக்க கைய பாருங்க டாக்டரே. இதுல குத்த எடம் இருக்கா? எங்களை விட மனசில்லேன்னா நேரா சொல்லணும். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாக்குறதுக்கு இது என்ன சேலைக்கடையா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, "நீ சும்மா கெட. டாக்டரே, எனக்கு சொகம்தான். எடுத்துக்கோங்க" என்று கையை நீட்டினார். அது வேறு எனக்கு எரிச்சல்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. ரத்தத்தை எடுத்தார். பிறகு, "நீங்க எங்கூட வாங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு லேபுக்கு நடந்தார். பாலவாடிப் பிள்ளையை நான் கூட்டிப்போவது மாதிரி என்னைக் கூட்டிப்போனார்.

லேபில் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ரத்தம் தெளிந்து மேலே தண்ணீர் பிரிய வேண்டும், அதற்கு நேரமாகும். நான் ஜீப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் ரத்தத்தில் பிரிந்த தெளிநீர் ஃபிரிட்ஜில் இருந்தது. அதையும் எடுத்து வெளியே வைத்தார்கள். டாக்டரம்மா ஒரு கறுப்பு அட்டையில் இருந்த வட்டங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொன்றிலும் பால் மாதிரி ஒரு மருந்தை ஒரு சொட்டுச் சேர்த்து, அட்டையை மெல்ல ஆட்டினார்.

"இது நேத்திக்கு எடுத்தது. பாருங்கோ, அந்தப் புரதம் இருக்கறதால திரியறது. பாதிக்குப் பாதி உப்புத் தண்ணி கலந்தது பக்கத்துல இருக்கு. அதுல திரியல்லே. அடங்கிடுத்து."

பார்த்தேன். ஒரு வட்டத்தில் பால் கெட்டது போல் பொடிப்பொடியாக இருந்தது. பக்கத்து வட்டத்தில் பால் பாலாகவே இருந்தது.

"இது இன்னிக்கு."

முதல் வட்டத்தில் திரிந்திருந்தது. தண்ணீர் கலந்த அடுத்ததிலும் திரிந்திருந்தது. அதையும் பாதியாக்கித் தண்ணீர் கலந்ததிலும் திரிந்திருந்தது. அதற்கும் அடுத்ததில்தான் அடங்கியது.

"ஒரே ராத்திரியில நாலு மடங்கு" என்றார் டாக்டரம்மா. "எங்கேயோ கிருமி இருக்கு. எங்கேன்னு எனக்குத் தெரியல்லே. அவர் சொகம்ங்கறார். நான் யாரை நம்பட்டும்? நீங்களே சொல்லுங்கோ."

கீழே போய் டிரைவரிடம் கவுனைக் கொடுத்து, பிள்ளையிடம் அப்பா பிறகு வருவார் என்று சொல்லச் சொன்னேன். ஜீப் போன பிறகு அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். மேலே வந்தபோது இவருக்கு மருந்து ஏற ஆரம்பித்திருந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். என்னிடம் பேசவில்லை. வழக்கமாகவே பேசாதவர் என்பதால் அது கோபம் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் கீழே நர்ஸ் பிள்ளைகள் கேரல் பாடத் தொடங்கிய நேரத்தில் இவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டில் சத்தம் போட்டது. கை கால் ஜில்லிட்டுப் போயிற்று. பிரஷர் விழுகிறது என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் ஓடினார். டாக்டரம்மா எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. தலையில் பூவோடேயே உள்ளே வந்துவிட்டார், வாசலில் கழற்ற மறந்து. நர்ஸ் காட்டிய பிறகு பிய்த்து எறிந்தார். என்னை வராந்தாவில் நிறுத்தினார்கள். நான் கர்த்தரிடம் பேசியதை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. அவரோடும் சண்டைதான் போட்டேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "பிரஷர் விழறது நின்னுடுத்து. மேல ஏறிண்டிருக்கு. காலம்பற மருந்து ஆரம்பிச்சது நல்லதாச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாத்தேளா, நான் சொன்னேனோல்லியோ என்ற பார்வைகூட இல்லை.

காலையில் அவர் அந்த மருந்தை ஆரம்பித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்குப் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த நேரத்தில் நாங்கள் மலைமேல் எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்திருப்போம். கடைசி பஸ் இறங்கிப் போயிருக்கும். கும்மிருட்டில் ஜீப்பைத் தேடிப் பிடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, கல்லாறு தாண்டி, நெடுமங்காடு தாண்டி வர வேண்டும். இவர் பாதி வழிகூட வந்திருக்க மாட்டார். பிள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

ஆனால் அதோடு முடியவில்லை. பிரஷர் சரியாயிற்று, ஆள் கண் திறந்தார், கஞ்சி குடித்தார். புரதம் மட்டும் இறங்கவில்லை. கொஞ்சம் இறங்குகிறது, அப்படியே நிற்கிறது. "மருந்து பாதிதான் கேக்கறது. ஒரு எடத்துல உக்காந்திருக்கு. எடம் தெரிஞ்சா அதுக்குண்டான மருந்து கொடுப்பேன். தெரியாம எத்தனை நாள் குருட்டடி அடிக்க முடியும்?" என்றார். முகத்தில் முதல்முறையாகக் கவலையைப் பார்த்தேன். தொண்டையைப் பார்த்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ஊசி குத்தின இடமெல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இவரைக் கேட்டால் சொகம். திரும்பி வந்து கேட்டாலும் சொகம். டாக்டரம்மாவின் வித்தை இவரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு, டாக்டரம்மா வழக்கம்போல் திரும்பி வந்தார். சுகமா என்று கேட்கவில்லை. என் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இவருக்கு நேராக உட்கார்ந்தார். உட்காரும்போது முகத்தைச் சுளித்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு மூலம் உண்டு. ரெண்டு வருஷமா இருக்கு. காலம்பற வெளிக்குப் போறதுன்னா உயிர் போயிடும். டாக்டரா இருந்துண்டு, இதை ஒருத்தர்கிட்டே சொல்ல எனக்கு வெட்கம். அதனால யார்கிட்டேயும் சொன்னதில்லே."

சாதாரணக் குரலில்தான் சொன்னார். ஆனால் எட்டுக் கட்டில் வார்டு. எல்லோருக்கும் கேட்டது. கோட்டயத்து நர்ஸ் பாட்டிலில் சொட்டு விழுவதையே உற்றுப் பார்த்தாள். கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கல்யாணமாகாத, அக்கிரகாரத்துப் பெண்பிள்ளை, அத்தனை பெரிய டாக்டர்.

"உங்க உடம்புல நான் பாக்காத எடம் ஒண்ணுதான் பாக்கி. அதைத்தான் நீங்க எங்கிட்டே சொல்ல மாட்டேங்கறேள்னு தோண்றது" என்றார்.

இவர் மேலே ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்து போயிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"வலிக்குது டாக்டரே."

"எங்கே?"

"அங்கதான். ரொம்ப நாளாட்டு. இருக்க முடியல்ல, படுக்க முடியல்ல, ஒண்ணுக்கும் முடியல்ல. உயிரு போவுது."

டாக்டரம்மா சிரித்தார். ஒரு மனிதர் வலிக்கிறது என்று சொன்னதற்கு இன்னொருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "மதி மதி" என்று எழுந்து, ஆண் டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டுத் திரையைப் போடச் சொன்னார். அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஆசனவாய்ப் பக்கத்தில் கிருமி பிடித்திருந்தது. வெள்ளணு இல்லாததால் சீழும் கட்டவில்லை, வீங்கவும் இல்லை, வலி மட்டும். அதுவும் வலித்தவர் வாய்க்குள்ளேயே. அந்தக் கிருமிக்கான மருந்தைச் சேர்த்தார்கள். சுடுதண்ணீரில் உட்கார வைத்தார்கள். புரதம் சரசரவென்று இறங்கியது.

திரை விலகியதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "பொம்பள டாக்டர்கிட்ட சொல்ல வெக்கம், சரி. கட்டினவகிட்ட சொல்ல என்ன கேடு? செத்துப் பெட்டியில வச்ச பெறவு மானத்த நான் எங்க கொண்டு வைக்க? பிள்ளைகிட்ட என்னான்னு சொல்ல?" என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நர்ஸ் என்னை அடக்க வந்தாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருக்கட்டும் மோளே. அவளும் எத்தனை நாளா அடக்கி வெச்சிருக்கா" என்றார். திட்டி முடித்து நான் இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் என் தலையில் கை வைத்தார். கை சூடாக இருந்தது, உயிருள்ள சூடு.

டாக்டரம்மாவுக்கு மூலம் இருந்ததா, இவருக்காகச் சொன்ன பொய்யா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. உண்மையென்றால் பாவம் அவர். பொய்யென்றால், அவ்வளவு மானத்தைச் செலவழித்து எங்களுக்காக யாரும் பொய் சொன்னதில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு நாங்கள் மலை ஏறினோம். கவுன் பிள்ளைக்குச் சிறுத்துவிட்டது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் மருந்து, சோதனை, பஸ் என்று அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். நான் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தேன். பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அன்றைக்குத் திறந்த வாயை இவர் மூடவே இல்லை. சாயா ஆறிப்போச்சு, தலையணை பொங்கி நிக்கு, செருப்பு கடிக்கு, முட்டு குத்துது என்று காலையிலிருந்து புகார்தான். எப்படித்தான் சகிக்கிறாயோ என்று என் தங்கச்சி கேட்கிறாள். நேற்றைக்கு முழுக்க இடுப்பு வலி. எனக்கு எரிச்சல் வரத்தான் செய்தது. ஆனாலும் அவர் வலிக்குது, வலிக்குது என்று சொல்லச் சொல்ல, அந்தப் புண்ணியவதி எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்று மனசாரச் சொல்லிக்கொண்டு, எண்ணெயைச் சூடாக்க எழுந்து போனேன்.